எதிர் பால்கனியில் தொப்பி

"மறுபடியும் கட்டிப் போட்டுட்டார், பாருங்க!"

தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவள் ஜன்னலுக்கு ஓடினாள். காலையிலிருந்து இதே வேலைதான். உட்காருவதும் எழுவதும்.

எதிர் வீட்டு பால்கனியில் தொப்பி என்கிற நாய் கட்டப்பட்டுக் கிடந்தது. உடம்பெல்லாம் வெள்ளை, தலையில் மட்டும் கறுப்பு என்பதால் அந்தப் பெயர். கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்து முனகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காலித் தட்டு.

பஸ் டிரைவரான அவள் கணவன் மதிய ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அது அவர் நாய். நீ உன் வேலையைப் பாரு, தாயே. ஸ்கூல் யூனிஃபார்ம் நாளைக்குக் கொடுக்கணும்னு சொன்னியே?"

வந்து உட்கார்ந்தாள். மெஷின் ஓடியது. முனகலும் ஓடியது. தைத்து முடித்து உதறிப் பார்த்தால், இடது கை வலது தோளில் தொங்கியது.

"போச்சு! பிரிச்சுத் தைக்கணும். எல்லாம் அந்த மனுஷனால!"

அந்த மனுஷன், அச்சகக்காரர். அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. அவரும் தொப்பியும்தான் குடும்பம். நன்றாகத்தான் இருந்தார். ஒரு மாதமாகத்தான் ஆளே மாறிவிட்டார். பகலெல்லாம் நாய் பால்கனியில். தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டு வேறு.

மாடி வீட்டு டீச்சர் நியாயம் கேட்கப் போய், "என் நாய், என் இஷ்டம்" என்ற ஒரு அதட்டலில் இறங்கி வந்துவிட்டாள். கீழ் வீட்டு பேங்க்காரரும் போனார். அவருக்கும் அதே பதில். அவரும் அதோடு சரி.

"சனியனே! இன்னொரு தடவை சத்தம் வந்துது, தெருவுல விட்டுடுவேன்!" எதிர் வீட்டிலிருந்து குரல்.

கத்தரிக்கோலை வைத்தாள். கிளம்பிவிட்டாள்.

"செருப்பையாவது போட்டுக்கிட்டுப் போயேன்!"

"வந்து போட்டுக்கறேன்!"

எதிர் வீட்டுக் கதவு ஒரு கையளவுதான் திறந்தது.

"யாரு?"

"தையல்காரி, சார்."

"நாயைப் பத்தின்னா, போயிட்டு வாங்க."

"நாயைப் பத்திதான். போக மாட்டேன்."

"என் நாய், என் இஷ்டம்."

"உங்களை ஒரு நாள் கம்பியில கட்டிப் போட்டு, முன்னால காலித் தட்டை வச்சா இஷ்டமா இருப்பீங்களா?"

"உங்களுக்கு வீட்டுல வேலை இல்லையாம்மா?"

"நிறைய இருக்கு. இது முனகுற முனகல்ல ஒண்ணும் ஓடலை. இத்தனை வருஷமா உங்க காலையே சுத்தி வந்த ஜீவன் சார்! உங்களுக்குக் கொஞ்சமாவது மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"வாயால சொல்லிடலாம்மா. குரைக்கும். செருப்பைக் கடிக்கும். வயசாச்சு, இனிமே வைத்தியமும் பார்க்கணும். நீங்க வச்சுக்குவீங்களா?"

"வச்சுக்குவேன்!"

"நாலு நாள் கழிச்சு வேண்டாம்னு தோணினா?"

"தோணாது. முதல்ல கயிறை அவிழுங்க!"

அவிழ்த்துக் கொண்டுவந்து, கயிற்றை அவள் கையில் திணித்தார். "எங்கேயாவது கொண்டு போங்க!" கதவு படாரென்று மூடியது.

தொப்பி மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினாள். தூக்க முடியாமல் தூக்கினாள்.

"நியாயம் கேக்கப் போறேன்னு போனே, நாயையே கொண்டு வந்துட்டே!" என்றான் கணவன்.

"முதல்ல அதுக்கு ஏதாவது போடுங்க. பட்டினி."

ரொட்டியைப் போட்டான். தொப்பி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இதுவா பட்டினி? வயிறு மத்தளமா இருக்கு. முடியைப் பாரு, சீவி விட்டிருக்கு. சோப்பு வாசனைகூட வருது. நம்மளைவிடச் சுத்தமா இருக்குடி!"

அவளுக்குக் குழப்பமாக இருந்தது. நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

கீழே ஒரு டாக்ஸி. அச்சகக்காரர் ஒரு பெட்டியோடு, படி எங்கே இருக்கிறதென்று காலால் தடவித் தடவி இறங்கிக்கொண்டிருந்தார்.

வெறுங்காலோடு மறுபடியும் ஓடினாள்.

"சார்! எங்கே கிளம்பிட்டீங்க?"

"யாரு, தையல்காரம்மாவா? அக்கா வீட்டுக்கும்மா. ரெண்டு கண்ணும் மங்கிட்டே வருது. இனிமே தனியா இருக்க முடியாது. அக்கா வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா. நாய் ஆகாது."

"இதை முன்னாலேயே சொல்லியிருந்தா, நாங்களே சந்தோஷமா வாங்கிக்கிட்டிருப்போமே! எதுக்கு சார் இந்தக் கூத்தெல்லாம்?"

அவர் சிரித்தார்.

"போன மாசம் வீடு வீடா ஏறி இறங்கிக் கேட்டேன். டீச்சர் இடமில்லைன்னாங்க. பேங்க்காரர் யோசிச்சுச் சொல்றேன்னார். உங்க வீட்டுக்காரர், 'என் சம்சாரத்துக்கு நாய்னாலே ஆகாது'ன்னு சொல்லிட்டார்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். ஜன்னலில் நின்றிருந்த கணவன் சட்டென்று உள்ளே போய்விட்டான்.

அச்சகக்காரர் டாக்ஸியின் கதவைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"கெஞ்சிக் கேட்டப்போ ஒருத்தரும் வாங்கிக்கலை. கொடுமைக்காரனா மாறினேன், ஒவ்வொருத்தரா சண்டைக்கு வந்தாங்க. என் அதட்டலுக்குப் பயந்து போயிடாம, நின்னு சண்டை போடுறவங்க கையிலதான் தொப்பியைக் கொடுக்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன்மா!"