நான்கு சந்திகளும் நின்றன

"ஒரு பாக்கெட்டும் நகரல," என்றான் அர்ச்சுனன். சொல்லும்போதே அவனுக்கு உள்ளுக்குள் இனித்தது.

கல்பனா திரும்பிப் பார்க்கவில்லை.

ஜமுனாமரத்தூருக்கு மேலே, அவன் ஊரில், சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது பலாமரத்தடிப் பாறையில் மட்டும்தான். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வந்த இடத்திலும் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு லேப்டாப்போடு அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மலைச்சரிவைப் பார்த்து, அவள் சாமைக் கொல்லையைப் பார்த்து.

பெங்களூரில் இருவருக்கும் ஒரே கம்பெனி. அறுபத்து நான்கு குட்டி புராசஸர்கள் கொண்ட ஒரு சிப். அவை தங்களுக்குள் தகவலைப் பாக்கெட் பாக்கெட்டாக அனுப்பிக்கொள்ளும் பாதைகளுக்கு இருவரும் ஆளுக்கொரு வடிவமைப்பைக் கொடுத்தார்கள். கல்பனாவுடையதை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரமே மேலாளர் சிவசங்கர், அவள் வடிவமைப்பைச் சோதிக்கும் வேலையை அர்ச்சுனனுக்குக் கொடுத்தார். தோற்றவனுக்கு இன்னும் ஒரு குட்டு என்றுதான் அவன் நினைத்தான்.

அதோடு வீட்டில் பேச்சு நின்றுபோனது. சாவி எங்கே, கேஸ் வந்ததா என்பதோடு சரி.

சோதனையெல்லாம் சிமுலேஷனில். பொய்யாக ஒரு போக்குவரத்தை உருவாக்கிப் பாதைகளில் ஓடவிட வேண்டும். அதற்கென்று எல்லோரும் பயன்படுத்தும் மாதிரிகள் உண்டு. அவை அத்தனையிலும் கல்பனாவின் பாதைகள் அலுங்காமல் தேறின. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சரி என்று சொல்லியிருப்பார்கள்.

அர்ச்சுனன் சொந்தமாக ஒரு மாதிரியை எழுதினான். மற்றவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதும் எழுதிக்கொண்டிருந்தான்.

நெரிசல் வந்தால் பாக்கெட் எந்தப் பக்கமும் திரும்பலாம் என்பது கல்பனாவின் விதி. அதைத்தான் அவன் பிடித்துக்கொண்டான். சிப்பின் நடுவே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நான்கு சந்திகள். கொஞ்ச நேரம் எதுவும் அனுப்பாமல் இருந்துவிட்டு, திடீரென்று நான்கு திசையிலிருந்தும் கொட்டினான். எல்லாம் ஒரே கைப்பக்கமாகத் திரும்பும்படி.

முதல் சந்தி இரண்டாவதற்காக நின்றது. இரண்டாவது மூன்றாவதற்காக. மூன்றாவது நான்காவதற்காக. நான்காவது, முதல் சந்தி வழிவிடட்டும் என்று நின்றது.

பின்னால் வந்ததெல்லாம் தேங்கியது. சிப் செத்துப்போனது.

திங்கட்கிழமை வடிவமைப்பு தயாரிப்புக்குப் போகிறது. போய்விட்டால் அதில் ஒரு கோட்டைக்கூட மாற்ற முடியாது.

"நெசத்துல எவனாவது இப்டி அனுப்புவானா?" என்றாள் கல்பனா. "வேணும்னே பண்ணினு கீற."

"ஆமா. வேணும்னேதான்."

கீழேயிருந்து அவன் அம்மா மாதம்மாள் ஏறி வந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா, ஆளுக்கொரு பக்கம் பாத்துகினு குந்தினு கீறீங்க? சோறு ஆறுது."

யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

அர்ச்சுனன் முடிவை மேலாளருக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். மொத்த டீமுக்கும் அனுப்பினான். சிப் எங்கே நின்றது, யாருடைய விதியால் நின்றது என்பதை முதல் வரியிலேயே வைத்தான்.

கல்பனாவின் லேப்டாப்பில் மெயில் வந்து விழும் சத்தம் கேட்டது. அவள் படிக்கட்டும் என்று காத்திருந்தான். அழுதாலும் பரவாயில்லை என்றிருந்தது. அழட்டும் என்றுகூட இருந்தது.

அவனுடைய போன் அடித்தது. சிவசங்கர்.

"நல்ல வேளை அர்ச்சுனன். இது இப்படியே சிலிக்கான்ல அச்சாயிருந்தா நாம எல்லாருமே காலி."

"என்னைய டெஸ்டிங்ல தூக்கிப் போட்டீங்களே சார், அதுக்கு இதான் பதில்," என்றான், அவளுக்குக் கேட்கும்படி.



"அது நான் போட்டது இல்லைங்க. கல்பனாதான் வந்து உங்களக் கேட்டாங்க. 'மத்தவங்க ஓடுதுன்னா விட்டுடுவாங்க, அவரு நான் விழுற வரைக்கும் விடமாட்டாரு'ன்னு சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னும் சொன்னாங்க."

சிவசங்கர் வைத்த பிறகும் அர்ச்சுனன் போனைக் கையிலேயே பிடித்திருந்தான். கோபம் தணியவில்லை. தன் கோபத்தைக்கூட அவள் கணக்கில் எடுத்திருக்கிறாள் என்று இன்னும் ஏறியது.

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் ஓயாமல் கேட்டது. அவள் விதியைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"வேற எங்க ஒடையும்?" என்று கேட்டாள், திரும்பாமலே.