லீவு இருக்கா?

ரெஜிஸ்டரில் பூஜ்யம் என்று இருந்ததைப் பார்த்ததும், வரி மாறிப் பார்த்துவிட்டோமோ என்று ஆபீசில் விடுப்புக் கணக்குப் பார்க்கும் லீவு மேடம் ஸ்கேலை வைத்து மறுபடி பார்த்தாள்.

சரியான வரிதான். மூணு நாள் அக்கா, மடிப்பு மேஜை. எடுத்த விடுப்பு: பூஜ்யம்.

பகுதி நேர ஆட்களுக்கு எத்தனை நாள் விடுப்பு மிச்சம் இருக்கிறது என்று புது மேலாளர் பட்டியல் கேட்டிருந்தார். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வாரத்துக்கு ஆறு நாள் வருகிறவருக்கு வருஷத்துக்குச் சம்பளத்தோடு பதினெட்டு நாள் என்றால், மூன்று நாள் வருகிறவருக்கு ஒன்பது. வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

செவ்வாய், வியாழன், சனி மட்டும் வருவதால்தான் அந்தச் சலவைக் கம்பெனி முழுக்க அவளுக்கு மூணு நாள் அக்கா என்று பெயர்.

போன வருஷமும் பூஜ்யம். அதற்கு முந்தைய வருஷமும் பூஜ்யம். அக்கா வேலைக்குச் சேர்ந்த வருஷம் வரை புரட்டிப் பார்த்தாள். முடிந்துபோன பதினோரு வருஷமும் அதே பூஜ்யம்தான்.

ஒரு மனுஷிக்குச் சேர வேண்டிய தொண்ணூற்றொன்பது நாள். வருஷா வருஷம் டிசம்பரோடு காலாவதியாகிக்கொண்டே வந்திருக்கிறது. லீவு மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் யாருக்கும் இல்லை என்று சொல்கிறவள் இல்லை. மாமியாருக்கு இருமல் என்று வந்து நின்றாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள். அந்தப் பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். ஆனால் கேட்காதவர்கள் ஏன் கேட்கவில்லை என்று அவள் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

யாரோ ஒரு சூப்பர்வைசர் அக்காவை மிரட்டி வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினாள். அவனை இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. அக்காவை மாடி ஆபீசுக்கு வரச் சொன்னாள்.

அக்கா வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். முழங்கை வரை துணிப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"உங்களுக்கு லீவு கிடையாதுன்னு எந்த மகராசன்க்கா சொன்னான்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகராசன் இல்லையாம், ஒரு பொண்ணாம். முகம் தெரியாதாம்.

வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஒரு புதன்கிழமை சாயங்காலம். அடைமழை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு ஆபீசுக்குப் போன் பண்ணி, நாளைக்கு லீவு இருக்கா என்று கேட்டாளாம். வீட்டுக்காரருக்கு ரொம்ப முடியவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பதில் வந்துவிட்டதாம்.

"'லீவெல்லாம் இல்லம்மா, எல்லாரும் வந்துடணும்'னு சொல்லிட்டு வெச்சிருச்சு. மூணு நாள் வேலைக்கு லீவு வேறயான்னு நானும் அப்புறம் யார்கிட்டயும் கேக்கல மேடம்."

மறுநாள் அக்கா வேலைக்கு வந்தாள். வீட்டுக்காரர் பதினொன்றே காலுக்குப் போய்விட்டார். மடிப்பு மேஜைக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

இந்த வருஷத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது என்று சொல்லவும்தான் லீவு மேடம் கூப்பிட்டிருந்தாள். அதைச் சொன்னாள். வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

அக்கா கையில் ஒட்டியிருந்த பஞ்சைக் கொஞ்ச நேரம் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எட்டே போதும் மேடம். ஒண்ணக் கழிச்சுக்கிட்டு அந்த வியாழக்கிழமைய மட்டும் லீவுன்னு மாத்திக் குடுங்க. ரெஜிஸ்டர்லயாவது அன்னிக்கு நான் அவர் பக்கத்துல இருந்ததா இருக்கட்டும்."

பழைய வருகைப் பதிவைத் திருத்துவதற்கு ஒரு படிவம் உண்டு. இத்தனை வருஷத்துக்கு முந்தையதை மேலாளர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம். லீவு மேடம் ஒன்றை உருவி எடுத்து நிரப்ப ஆரம்பித்தாள். பெயர், பிரிவு, தேதி எல்லாம் எழுதினாள். 'பிழை நேர்ந்தது யாரால்' என்ற கட்டத்துக்கு வந்ததும் அவளுக்குக் கை ஓடவில்லை.

அந்தப் புதன்கிழமை, லீவு மேடம் இந்த ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள்.

மழை விட்டபாடில்லை. கம்பெனி முற்றத்தில் முழங்கால் தண்ணீர். நாளைக்குக் கம்பெனி உண்டா, மழைக்கு லீவா என்று போன் மேல் போன். நாற்பது பேராவது கேட்டிருப்பார்கள். நாற்பது பேருக்கும் ஒரே பதிலைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். நடுவில் ஒருத்தி, தன் கணக்கில் லீவு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். இவள் காதில் அதுவும் மழை லீவாகத்தான் விழுந்திருக்கிறது. நாற்பதையும் ஒருத்தியாகவே சமாளித்தேன் என்று அன்றைக்கு வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னாள்.

படிவத்தின் அந்தக் கட்டத்தில் இப்போது தன் பெயரை எழுதினாள். இனிஷியலோடு, முழுப் பெயர்.

படிவத்தை அக்கா பக்கம் திருப்பி வைத்து, பேனாவைக் கொடுத்தாள்.

அக்கா எந்தக் காகிதத்திலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. முதல் வரியில் விரலை வைத்தாள்.