ஜாக்கிக் கம்பி

வீரபத்திரன் கட்டைகளைச் சுமந்து வந்தான்.

ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். ரயில்வே ரிப்பேர் லைன் கோடியில் இருக்கும் கொட்டகையிலிருந்து தோளில் தூக்கிவந்து, ஜாக்கி தூக்கி நிறுத்தியிருந்த நிலக்கரி வேகனுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினான்.

அவனோடு ஜோடியாக வேலை செய்கிறவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

இத்தனை வருஷத்தில் இருவரும் கட்டை வைத்ததே இல்லை. வேகனைத் தூக்குவார்கள். ஒருவன் அடியில் நுழைவான். மற்றவன் ஜாக்கி அருகில் நின்று பீடி பிடிப்பான்.

சுவரில் விதி எழுதித்தான் இருக்கிறது. ஜாக்கி நழுவினாலும் வேகன் விழாமலிருக்கக் கட்டை வை. சக்கரத்துக்கு ஆப்பு வை. அடியில் போகிறவன் ஜாக்கிக் கம்பியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போ. கம்பியைச் சொருகி அழுத்தாமல் ஜாக்கி இறங்காது.

அதெல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்கு. இவர்கள் ஒரே தூக்குச்சட்டியில் கைவிட்டுத் தின்றவர்கள்.

ஸ்டிரைக்குக்கு முன்னால்.

ஜெயிலிலிருந்து வந்து வீரபத்திரன் மறுபடி வேலையில் சேர்ந்த முதல் நாள் இது. வேலை பிரித்துக்கொடுக்கும் சார்ஜ்மேன் யோசிக்கவே இல்லை. பழைய ஜோடியையே போட்டுவிட்டுப் போனார்.

ஸ்பிரிங் ஒடிந்திருந்தது. அடியில் படுத்து மாற்ற வேண்டியவன் வீரபத்திரன் இல்லை, அவன்.

அதற்குள் அவனுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்.

ஸ்டிரைக்கில் தலைமறைவாக இருந்த தன்னைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தது யார் என்று வீரபத்திரனுக்குத் தெரியுமா?

காட்டிக்கொடுத்ததற்கு இவனுக்குக் கிடைத்தது ஒரு குவார்ட்டர்ஸ். தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கும். நல்ல வியாபாரம் என்றுதான் தோன்றியது. தகவலை வாங்கினவர்கள் பேரம்கூடப் பேசவில்லை. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். கேட்டதை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறான் என்றால், விற்கிறவனுக்குச் சரக்கின் மதிப்புத் தெரியவில்லை.

வீரபத்திரன் உள்ளே இருந்தபோது அவன் அம்மா செத்துப்போனாள். கொள்ளி வைக்க மகனை விடவில்லை.

பாடையின் முன்பக்கத் தோள் இவனுடையது.

வழியெல்லாம் அழுதான். நிஜமான அழுகை. அதைத்தான் அவனால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

வீரபத்திரன் இன்னொரு கட்டையை இறக்கினான். இரண்டு சக்கரத்துக்கும் ஆப்பு அடித்தான். அடித்ததை உதைத்துப் பார்த்தான்.

பக்கத்து லைனில் இருந்த பிச்சாண்டிக்குப் பொறுக்கவில்லை.

"என்னப்பா, கோயில் கட்டுறீங்களா? கும்பாபிஷேகத்துக்குச் சொல்லியனுப்புங்க."

வீரபத்திரன் குனிந்து பார்த்தான். கடைசிக் கட்டைக்கும் வேகனுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தது. ஒரு பலகையைத் தேடி எடுத்து அதையும் அடைத்தான்.

பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு நெஞ்சு லேசானது.

தெரிந்திருந்தால் இப்படிச் செய்வானா? ஆளை நசுக்க நினைக்கிறவன் கட்டை சுமப்பானா? ஒன்று, வீரபத்திரனுக்குத் தெரியாது. இல்லையென்றால், தெரிந்தும் விட்டுவிட்டான். எப்படியானாலும் தப்பித்தாயிற்று. இவ்வளவு மலிவாக முடியும் என்று அவன் நினைக்கவில்லை. முதல் விலையிலேயே படிந்துவிட்டது.

கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

"எதுக்கு மாப்ள இதெல்லாம்? நமக்குள்ள என்ன புதுசா?"

வீரபத்திரன் கையில் ஒட்டிய கரியை வேட்டியில் துடைத்தான்.

மற்றவன் மல்லாந்து, முதுகால் நகர்ந்து நகர்ந்து உள்ளே போனான். தலைக்கு மேல் வேகன். வேகனுக்குள் அத்தனை டன் நிலக்கரி. துரு உதிர்ந்து கண்ணில் விழுந்தது. பழக்கப்பட்ட வாசனை. பாட்டுக்கூட வாயில் வந்தது.

ஜல்லியில் இரும்பு உரசும் சத்தம்.

ஜாக்கிக் கம்பி அவன் இடுப்பருகே வந்து நின்றது. வீரபத்திரன் காலால் தள்ளியிருக்கிறான்.

பிறகு குனிந்தான். முகம் தலைகீழாகத் தெரிந்தது. கோபம் இல்லை. ராத்திரியெல்லாம் தூங்காத முகம்.

"கம்பியை நீயே வச்சுக்க. கட்டையும் உன்மேல அக்கறைப்பட்டு வைக்கல. என் கை என் பேச்சைக் கேக்குமான்னு எனக்குத் தெரியல."

முகம் மறைந்தது.

செருப்பு இரண்டும் ஜாக்கி பக்கத்தில் போய் நின்றன.

அவன் வேலையைப் பார்த்தான். ஒடிந்ததைக் கழற்றினான். புதியதைப் பொருத்தினான். ஸ்பானர் இரண்டு முறை நழுவியது. கீழே கிடந்து செய்த வேலையிலேயே இதுதான் ஆபத்தில்லாத வேலை. கட்டை இருந்தது. ஆப்பு இருந்தது. கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

எல்லா நட்டும் முடுக்கியாயிற்று.

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. பிச்சாண்டியும் மற்றவர்களும் பேசிக்கொண்டே போகும் சத்தம் தேய்ந்து அடங்கியது.

செருப்புகள் நகரவில்லை. கட்டையும் ஆப்பும் வெளியே கிடையாது.

அவன் முதல் நட்டிலிருந்து மறுபடி முடுக்க ஆரம்பித்தான்.