வலது கண்ணுக்கு வந்த நோய்

"மேலே பாருங்க டீச்சர்," என்றார் டாக்டர்.

கணக்கு டீச்சர் மேலே பார்த்தாள். பெரிய வட்ட விளக்கு ஒன்றுதான் இருந்தது. ஊசி போட்ட பிறகு அது மெல்ல மிதக்க ஆரம்பித்திருந்தது.

இடது கண்ணின் கீழ் இமை உள்பக்கம் மடங்கி, முடியெல்லாம் கருவிழியில் உரசி, விடைத்தாள் திருத்த உட்கார்ந்தாலே மணலைக் கொட்டியது போல் உறுத்தும். அந்த இமையைத்தான் டாக்டர் அறுத்து, வெளிப்பக்கம் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தார். வலியே இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ துணி தைக்கிற மாதிரி இருந்தது.

மேலே பாரு.

இது டாக்டர் குரல் இல்லை. ஆறு வருடமாக வீட்டுக்காரர் அவளிடம் நேராகச் சொல்லிவந்த சொற்கள் இவ்வளவுதான்.

அவள் தம்பியின் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. கடையில் வேலை என்றார். செல்போன் ரிப்பேர் கடை. ஒரு நாள் சாத்தினால் குடிமுழுகிப் போய்விடுமா என்று அவள் கேட்டாள். அவர் ஒன்று சொன்னார், அவள் அதற்கு மேல் ஒன்று சொன்னாள், அத்தோடு பேச்சு நின்றது. அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால், இவள் பிடித்த முயலுக்கு அதுவும் கிடையாது.

சாப்பாடு ஆயிற்று, காஸ் தீர்ந்துவிட்டது, மகள் ஃபோன் பண்ணினாள், எல்லாம் சுவரிடம்தான் சொல்லப்படும். அந்தச் சுவருக்குக் கால் இருந்திருந்தால் என்றைக்கோ ஓடிப்போயிருக்கும்.

ஆனால் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, காலை வெளிச்சத்தில் அவர் ஜன்னலோரம் ஸ்டூலைப் போடுவார். கடையில் கட்டுகிற விளக்கும் பூதக்கண்ணாடியும் நெற்றியில் ஏறும். இடுக்கியை வெந்நீரில் கழுவித் துடைப்பார். அவள் கன்னத்தைப் பிடிப்பார்.

மேலே பாரு.

இடது கண்ணில் குத்துகிற முடி நான்கு, சில நாள் ஐந்து. ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுப்பார். அவர் மூச்சு அவள் நெற்றியில் படும். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்து எழுந்துவிடுவார்.

பத்து நிமிஷம் அவளுக்குப் போதவில்லை.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வலது கண்ணும் குத்துகிறது என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். பச்சைப் பொய். அவர் ஸ்டூலை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டார்.

அன்றிலிருந்து வலது கண்ணுக்கும் பத்து நிமிஷம். சுருக், சுருக் என்று மூன்று இழுப்பு. நல்ல முடியை அநியாயமாகக் கொடுக்கிறோமே என்று இருக்கும். இருந்தாலும் கொடுத்தாள். ஐந்து வருடம் கொடுத்தாள்.

இனி இடது கண் சரியாகிவிடும். மிச்சம் இருப்பது இந்தப் பொய்க் கண் ஒன்றுதான். டாக்டர் வெளியே போய், வலது கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டால்? மானம் போகும். மானம்கூடப் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கத்திக்குப் பயப்படாதவள் அதற்குப் பயந்தபடி படுத்திருந்தாள்.

கட்டிலின் தலைப்பக்கம் தானாக உயர்ந்தது. அறை முழுவதும் மெதுவாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கடைசி முடிச்சுக்கு முன்னால், இரண்டு இமையும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று உட்கார வைத்துப் பார்ப்பார்களாம்.

"இந்தக் கண்ணுல முடி எடுத்துவிட்டது யாரு டீச்சர்? வேலை சுத்தமா இருக்கே."

மருந்து அவள் நாக்கை அவிழ்த்துவிட்டிருந்தது. "எங்க வீட்டுக்காரர்தான். ரெண்டு கண்ணுலயும் அவர்தான் எடுப்பாரு," என்றாள். சொன்ன பிறகுதான் ஐயோ என்று இருந்தது.

டாக்டர் விளக்கை வலது பக்கம் திருப்பிக் குனிந்து பார்த்தார்.

"ரெண்டுலயுமா? இதுல யாரும் ஒரு முடியைக்கூடப் பிடுங்கினதில்லையே. புதுசா முளைச்சது ஒண்ணுகூட இல்ல. வரிசை கலையாம இருக்கு."

விளக்கு மிதந்தது. அவளும் மிதந்தாள்.

இடுக்கியின் நுனி முடியைப் பிடித்திருக்கிறது, லேசாக இழுத்திருக்கிறது, விட்டிருக்கிறது. அவ்வளவுதான். நெற்றியில் பூதக்கண்ணாடி கட்டிய மனிதருக்கு எது கோணல் முடி, எது நல்ல முடி என்று தெரியாமலா இருந்திருக்கும்? முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்துதான் ஸ்டூலை நகர்த்தியிருக்கிறார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இந்தக் கணக்குக்கு மட்டும் விடை வராமல் போயிற்று.

"சிரிக்காதீங்க டீச்சர், இன்னும் முடிச்சுப் போடலை," என்றார் டாக்டர்.

சக்கர நாற்காலியில் அவளை வெளியே கொண்டுவந்தபோது, அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். கட்டுப் போட்ட கண்ணைப் பார்த்தார். பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்து, டாக்டர் என்ன சொன்னாராம் என்று கேட்டார்.

அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"இடது சரியாயிடுமாம். வலது கண்ணுக்குத்தான் வைத்தியமே இல்லையாம். நீங்கதான் பார்த்துக்கணும்."

அவர் காது சிவந்தது. சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஆமா," என்றார் அவளிடம். "அது கொஞ்சம் மோசமான கண்ணுதான்."