ஞாயிறு இணைப்பிதழுக்காக

"கண்ணாடி முன்னாடி உக்காந்து கொஞ்சம் தலை சீவுங்களேன். இயல்பா இருக்கட்டும்," என்றார் நிருபர்.

ஈட்டிக்காரி சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். ஈட்டி எறிதலில் இரண்டு முறை தேசிய முதலிடம். வியாழக்கிழமை அணியை அறிவிக்கப் போகிறார்கள். அதற்காக யாரும் எறிந்து காட்ட வேண்டியதில்லை. போன பருவத்துத் தூரங்களே போதும். பெயர் வந்துவிட்டால் போட்டிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் தோள் ஆறிவிடும்.

வலது கை நெஞ்சுக்கு மேலே எழவில்லை.

இது தெரிந்தவள் தங்கை ஒருத்திதான். பயிற்சியாளரிடம்கூட ஈட்டிக்காரி காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தாள். விஷயம் வெளியே கசிந்தால் அவள் இடத்தில் எழுத இன்னொரு பெயர் தயாராக இருக்கிறது. அந்தப் பெயருக்கு வயது இருபது. இவளுக்கு இருபத்தொன்பது. அடுத்த முறை என்று ஒன்று கிடையாது.

இணைப்பிதழில் 'வீட்டில் ஒரு நாள்' என்ற பகுதிக்கு என்று நிருபர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஆனாலும் அவள் முந்தைய நாள் முழுக்கப் பதில்களை ஒத்திகை பார்த்தாள். கடைசி இரண்டு போட்டிகளில் ஏன் இல்லை? பயிற்சி எப்படிப் போகிறது?

நிருபர் அதில் எதையும் கேட்கவில்லை.

வீட்டில் சமையல் யார் என்று கேட்டார். கல்யாணம் எப்போது என்று கேட்டார். இத்தனை வெயிலில் நின்றும் முகம் கறுக்கவில்லையே, என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தாள். வழக்கம்தானே. போன வருடம் அவள் தேசிய சாதனையை முறியடித்த மறுநாள் ஒரு பத்திரிகை அவள் போட்டிருந்த தோட்டைப் பற்றி எழுதியது. எத்தனை மீட்டர் என்பது கடைசி வரியில்கூட இல்லை.

முகத்துக்குப் பூசும் க்ரீமின் பெயரைச் சொன்னாள். நிருபர் எழுதிக்கொள்ளவில்லை. ஞாபகம் வைத்துக்கொள்வார் போல.

இப்போது சீப்பு அவள் மடியில் இருந்தது. கேமராக்காரர் காத்திருந்தார்.

ஈட்டியை எறியச் சொல்லியிருந்தால் மறுக்க ஆயிரம் காரணம் வைத்திருந்தாள். தலை சீவச் சொன்னால் என்ன காரணம் சொல்வது?

"இவ என்னிக்கு மேடம் தலை சீவுனா?" தங்கை சீப்பைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் பின்னி விட்டாத்தான் மனுஷியா வெளிய போவா. நான் பின்ற மாதிரி எடுங்க. பாசம் அப்படியே வழியும்."

கேமராக்காரர் சிரித்தார். படம் எடுத்தார். நிருபரும் சிரித்தார்.

"அடுத்து பால்கனி. துணி காயப்போடுற மாதிரி ஒண்ணு."

கொடி தலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. அவள் ஈரத் துண்டை இடது கையால் சுழற்றி வீசினாள். துண்டு கொடியைத் தாண்டிக் கீழ்வீட்டு ஜன்னல் மறைப்பில் போய் விழுந்தது.

"ஈட்டி எறியத்தான் தெரியும். துண்டு எறியத் தெரியாது," என்றாள் தங்கை. இந்த முறை அவள் குரல் கொஞ்சம் உரக்க இருந்தது.

"பரவால்ல. அலமாரி மேல கோப்பை இருக்கில்ல? அத எடுத்துத் தொடைங்க. அதோட முடிஞ்சுது."

ஈட்டிக்காரி அண்ணாந்து பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கோப்பை நெஞ்சுக்கு நேராக வந்தது. இரண்டு கையாலும் எடுத்தாள். தோளுக்குள் பழுக்கக் காய்ச்சிய கம்பியை யாரோ நுழைத்தது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தாள். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது.

"அருமை," என்றார் கேமராக்காரர்.

நிருபர் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் நின்று கையை நீட்டினாலே கோப்பை எட்டிவிடும் உயரம் அவளுக்கு.

கேமராக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு முதலில் படி இறங்கினார். நிருபர் வாசலில் நின்று செருப்பை மாட்டினார். அவர் போகப் போகிறார் என்ற நிம்மதியில் அவள் கதவைச் சாத்தத் தயாரானாள்.

நிருபர் போகவில்லை. கேமராக்காரரின் காலடிச் சத்தம் கீழ்த்தளத்தை எட்டும்வரை காத்திருந்தார்.

"நான் விளையாட்டுப் பக்கம்," என்றார் தணிந்த குரலில். "பன்னெண்டு வருஷமா. அதச் சொல்லியிருந்தா நீங்க கதவத் திறந்திருக்க மாட்டீங்க."

மாடிப்படியில் யாரும் இல்லை.

"எத்தன நாளா கை மேல போகல?"

"கையா? எந்தக் கை மேடம், அவளுக்கு..." என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்த தங்கைக்குப் பாதியில் குரல் உடைந்தது.

தன் வலப்பக்கம் நின்றிருந்த தங்கையின் வாயை ஈட்டிக்காரி சட்டென்று பொத்தினாள்.

உடம்பு முழுவதையும் திருப்பி, இடது கையால்.