யாத்திரைக்குப் போன வீடு

வீட்டுக்காரர் குடும்பத்தோடு கோயில் கோயிலாக யாத்திரை கிளம்பிவிட்டார் என்பது பால்காரர் முதல் துணி தேய்ப்பவர் வரை தெருவில் எல்லோருக்கும் தெரியும். வாசலில் பெரிய பூட்டு தொங்கியது. ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன. இதைவிடத் தோதான வீடு எவனுக்குக் கிடைக்கும்?

விடிவதற்கு முன்பே பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்து தாழ் போட்டுக்கொண்ட மூன்று பேரும், மத்தியானம் ஆகியும் மூச்சுக் காட்டவில்லை. அவன், அவன் மனைவி, மகள். குடும்பமாகவே இறங்கியிருந்தார்கள்.

மின்விசிறியைப் போட்டால் கடகடவென்று தெருவுக்கே கேட்கும். குழாயைத் திறந்தால் அது ஊளையிடும். வேர்த்து ஊற்றியது. அவள் பீரோவின் கீலுக்கு எண்ணெய் விட்டு, கதவை மெல்ல மெல்ல இழுத்தாள்.

"இப்ப அது ரொம்ப அவசியமா?" என்றான் அவன் காதோரமாக.

"வேண்டியதை எடுத்துக்கிட்டு உடனே மூடிடறேன். நீங்க சும்மா இருங்க."

சும்மா இருக்கத்தான் நினைத்தான். திரும்பியபோது கட்டில் காலில் கட்டைவிரல் போய் மோதியது. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வாயைப் பொத்திக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்தான். அதைப் பார்த்த மகளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கையிலிருந்த பிஸ்கட் டப்பா நழுவி விழ, மூடி மட்டும் தனியே கழன்று கூடம் முழுக்கச் சுற்றிவிட்டு நிதானமாக ஓய்ந்தது.

எதிர்வீட்டு மானேஜர் காலையிலிருந்தே நாற்காலியை வாசலில் போட்டு இந்த வீட்டைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார். 'நான் பார்த்துக்கறேன், நிம்மதியா சாமி கும்பிட்டு வாங்க' என்று வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சொன்ன சொல் தவறாத மனுஷன்.

"உள்ள யாரு?" என்று அவர் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பல குரல்கள் சேர்ந்துகொண்டன.

"போலீசுக்குச் சொல்லியாச்சு. பின்பக்கமும் ரெண்டு பேரு நில்லுங்க. பாவம், அந்த மனுஷன் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் புகுந்திருக்கானுங்க."

அவன் அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான்.

"இந்த மண்டைக்கு ஒரு திட்டம் தேவையா? ஒழுங்கா இருந்தவன், கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிஞ்சுக்கிட்டேன். என்னை நம்பி நீங்க ரெண்டு பேரும் வந்தீங்க பாரு, உங்களைச் சொல்லணும்."

"திட்டம் போடறப்ப என்ன பேச்சு. ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாதுன்னீங்க" என்றாள் மனைவி.

"மாட்டினா என்னப்பா ஆகும்?" என்று கேட்டாள் மகள். இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பொழைப்பே போயிடும்மா. நடுத்தெருதான்."

வெளியே ஜீப் வந்து நின்றது. பூட்டின் மேல் முதல் அடி விழுந்தது.

"ரெண்டு பேரும் கட்டிலுக்கடியில போங்க. நான் மட்டும்தான் வந்தேன்னு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கண்ணை மட்டும் விட்டுத் துண்டால் முகத்தை இறுகக் கட்டிக்கொண்டான். கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். இந்த மூஞ்சிக்கு மூடியதே மேல் என்று தோன்றியது.

கட்டிலுக்கடியிலிருந்து மனைவியின் கை நீண்டு அவன் கால்சட்டையைப் பிடித்து இழுத்தது.

"ஏங்க, இது எங்க சொந்த வீடுன்னு உண்மையைச் சொல்லிட்டா விட்டுட மாட்டாங்களா?"

"போலீஸ் விட்டுடும்டி. யாத்திரை போறோம்னு பொய் டிக்கெட்டைக் காட்டி ஆபீஸ்ல பணம் வாங்கினேனே, அதுக்குக் கையெழுத்துப் போட்ட மானேஜரே வாசல்ல நிக்கிறாரு. அவரு விடுவாரா?"

பூட்டு உடைந்தது. கதவு படாரென்று திறந்தது. லத்தியோடு இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது மானேஜரின் தலை.

"யார்டா நீ?"

சொந்த வீட்டுக் கூடத்தில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, குரலை மாற்றி, அவன் பணிவாகச் சொன்னான்: "திருடன்தாங்க ஐயா."