படத்துக்கு ஆகாதவன்

"முக்காடு இடது பக்கம் வாம்மா. வெளிநாடு, நீ வலது பக்கம். நரைமுடி நடுவுல நில்லுங்க. சக்கர நாற்காலி முன்னால வரட்டும். சிரிப்பை மட்டும் யாரும் விட்டுடாதீங்க."

பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்பு அதிகாரிக்கு மாணவர்களின் பெயர் தேவைப்படவில்லை. ஆளுக்கு ஓர் அடையாளம் இருந்தால் போதும். நூலகத்துக்கு முன்னால், புல்தரையில், கடையில் சாமான் அடுக்குவதுபோல் அவர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

'இங்கே எல்லோருக்கும் இடமுண்டு' என்பது இந்த ஆண்டு மாணவர் சேர்க்கைக் கையேட்டின் அட்டை வாசகம். போன ஆண்டு அட்டையில் சிரித்த பத்துப் பேரும் ஒரே வீட்டுப் பங்காளிகள் மாதிரி இருக்கிறார்கள் என்று பத்திரிகைகள் கிண்டலடித்துவிட்டன. மேலிடம் கூடிப் பேசியது. வகுப்பறையையோ விடுதியையோ மாற்றுவது பெரிய வேலை, அட்டையை மாற்றிவிடலாம் என்று முடிவானது. அந்தப் பொறுப்பு அதிகாரியின் தலையில் விழுந்தது. துணைவேந்தர் வேறு நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

"சார், அந்த ஆள் ஃபிரேம்ல விழுறாரு," என்றார் புகைப்படக்காரர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நூலகத்தின் கீழ்ப்படியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கட்டம் போட்ட சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், மடியில் சான்றிதழ் கோப்பு. அதிகாரி கைதட்டிக் கூப்பிட்டு, வேறு பக்கம் போய் உட்காரச் சொன்னார். அவன் அசையவில்லை. தனக்கும் அவசரம்தான் என்றான். எதிர்க் கட்டடத்தில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வாம். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, வருடக்கணக்காகக் காத்திருந்து, முதல் தடவையாக வந்த அழைப்பாம்.

"அப்ப போக வேண்டியதுதானே? யாரு உன்னை இங்க கட்டிப்போட்டு வச்சிருக்கா?"

"போகத்தான் சார் பார்க்கிறேன். நீங்க அந்த..."

"நீங்க நாங்கன்னு கதை பேச எனக்கு நேரமில்லப்பா."

அடுத்தவர் பேச்சை முடிக்கவிடும் பழக்கம் அதிகாரிக்குக் கிடையாது. அந்தத் திறமைக்காகத்தான் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். பக்கத்தில் நின்ற டைப்பிஸ்ட் அம்மா, "அந்தத் தம்பி வந்து, சார்..." என்று எதையோ ஆரம்பித்தார். பூங்கொத்து ஏன் இன்னும் வரவில்லை என்று அவரையும் வாசலுக்கு விரட்டியடித்தார் அதிகாரி.

படம் எடுக்கத் தொடங்கினார்கள். முக்காடு போட்ட பெண் நரைமுடிக்காரரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவர் வெளிநாட்டு மாணவனின் தோளில் கை போட வேண்டும். மூன்று பேரும் ஒருவரையொருவர் அன்றுதான் பார்க்கிறார்கள், சிரிப்பு எங்கிருந்து வரும்? சக்கர நாற்காலிப் பெண் மட்டும்தான் பிசிறில்லாமல் சிரித்தாள். இந்த முகத்துக்கே நூறு அட்மிஷன் வரும் என்று அதிகாரி மெச்சிக்கொண்டார்.

ஆனால் எப்படி எடுத்தாலும் கட்டம் போட்ட சட்டையின் முழங்கை ஓரத்தில் விழுந்து தொலைத்தது. சலித்துப்போன புகைப்படக்காரர், பேசாமல் அவனையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாமே என்றார்.

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவனையா? இதுல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கு. இவன் எதுக்கு? பார்த்தா சாதாரணமா இருக்கான்."

கட்டம் போட்ட சட்டைக்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அதிகாரிக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது.

எதிர்க் கட்டட வாசலில் பியூன் ஓர் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் கையைத் தூக்கி, இதோ வந்துவிட்டேன் என்று குரல் கொடுத்தான். கொடுத்தானே தவிர, படியைவிட்டு நகரவில்லை. பியூன் மறுபடியும் கூப்பிட்டார். அவன் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"சார், தயவுசெஞ்சு ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க..."

"பார்த்தீங்களா கூத்தை?" அதிகாரி புகைப்படக்காரரிடம் தலையில் அடித்துக்கொண்டார். "கூப்பிட்டு வேலை கொடுக்கிறாங்க, எழுந்து போக வலிக்குது. பழம் நழுவிப் பால்ல விழுந்தாலும், அதை வாயில வேற ஊட்டிவிடணும் இவனுக்கு."

அவன் ஏதோ சொன்னான். அதற்குள் துணைவேந்தரின் கார் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. புல்தரையில் எல்லோரும் விறைத்து நின்றார்கள். எதிர்ப்பக்கத்தில் பியூன் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.

காரிலிருந்து இறங்கிய துணைவேந்தரின் பார்வை நேராகப் படியில் போய் நின்றது. அவர் புருவம் சுருங்கியதில் அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. பதவி போகிற பயத்தில் குரல் கிறீச்சிட்டது.

"துணைவேந்தர் வந்து நிக்கிறாரு, எழுந்திருக்கணும்னு தோணலையா உனக்கு? அங்க பாரு, சக்கர நாற்காலியில இருந்த பொண்ணே எழுந்து நின்னு வணக்கம் சொல்லுது."

"நல்லதாப் போச்சு சார்," என்றான் அவன். "அஞ்சு நிமிஷம்னு உங்க டைப்பிஸ்ட் அம்மா வாங்கிட்டுப் போன என் நாற்காலியை அப்படியே இந்தப் பக்கம் தள்ளிவிடுங்க, நேர்முகம்தான் போச்சு, வீட்டுக்காவது போறேன்."